உள்ளே, வெளியே: நான்கு வாத்துக் குஞ்சுகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் கை வழியாகப் போனதுதான், ஆனால் அதிகம் போனது மலம். டப்பாவில் வரும், தீப்பெட்டியில் வரும், ஒரு முறை வெற்றிலைப் பெட்டியில்கூட வந்தது. ஓய்வு பெற்ற அன்று, இனி யாருடையதையும் பார்க்க வேண்டாம் என்று நிம்மதியாக மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். இரண்டே ஆண்டுகள். சந்தைக்குப் போன பேத்தி ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பினாள். உள்ளே நான்கு வாத்துக் குஞ்சுகள். மறுநாள் காலை நான் மறுபடியும் குனிந்து எச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் வைத்தது பேத்திதான். ஓயாமல் கத்தியது சத்தம். வாயே திறக்காதது சாது. மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம் குறைந்தது குள்ளச்சி. தலையில் பூமுடி உதிர்ந்திருந்தது மொட்டை. நான்கும் இன்று முழு வாத்துகள். இடையில் எச்சத்தைப் பார்த்து இரண்டு முறை பயந்தோம், ஒரு முறை வீணாகவும் ஒரு முறை நியாயமாகவும். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். பத்து, நூறு என்று பண்ணை வைப்பவர்களுக்கு இது போதாது. மூன்று நான்கு குஞ்சுகளை வீட்டில் வைத்துக்கொண்டு, அது ஏன் இன்று ஒரு மாதிரி இருக்கிறது என்று விழிப்பவர்களுக்கு உதவும்.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘உள்ளே’, வலப்பக்கம் ‘வெளியே’ என்று எழுதுங்கள். உள்ளே போன தீனி, கீரை, மருந்து இடப்பக்கம். வெளியே வந்தது எந்த நிறம், எவ்வளவு இறுக்கம், என்ன நாற்றம் என்பது வலப்பக்கம். ஆய்வகத்தில் எங்களுக்குப் பெரிய தலைவலி, சீட்டில் பெயர் மட்டும் எழுதி அனுப்பப்படும் மாதிரிதான். அந்த ஆள் என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை எடுத்தார் என்று தெரியாமல் கருப்பு மலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது? இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் கருப்புதான், வயிற்றில் புண் கசிந்தாலும் கருப்புதான். குஞ்சுகளுக்கும் இதே கதை. இடப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கத்தைப் படிக்க முடியாது.

இடமும் சூடும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் குஞ்சு படுக்கும் இடத்தில் சுமார் 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து வெளிவெப்பத்தோடு சேர்த்துவிடலாம். பெட்டியின் ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு போதும். மறுமூலை சற்றுக் குளிர்ச்சியாக இருக்கட்டும், தனக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டால் சூடு போதவில்லை. விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கும், பிஞ்சுக் கால்கள் இரண்டு பக்கமும் அகன்றுவிடும். நான் சணல் சாக்கு போட்டேன். சாக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு, பின்னால் சொல்கிறேன். எதைப் போட்டாலும் ஈரமானதைத் தினமும் மாற்ற வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை வரும். அந்தப் பூஞ்சைத் தூள் குஞ்சின் நுரையீரலுக்குள் போனால் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும்.

தண்ணீர் இல்லாமல் தீனி வைக்காதீர்கள்

கோழிக் குஞ்சு வளர்த்தவர்கள் தவறும் இடம் இது. வாத்து, தீனியை வாயில் அள்ளியதும் தண்ணீருக்கு ஓடும், அலகை அலசும், மறுபடி தீனிக்கு ஓடும். தண்ணீர் இல்லையென்றால் உலர்ந்த மாவு அலகில் பசைபோல ஒட்டி மூக்குத் துளையை அடைத்துவிடும். ஆகவே கிண்ணத்தில் மூக்குத் துளை முழுகும் அளவுக்காவது தண்ணீர் வேண்டும். அதேசமயம் குஞ்சு உள்ளே விழுந்தால் ஏறி வரவும் வேண்டும். அகலமான மண் சட்டியில் நான்கைந்து கூழாங்கற்களைப் போட்டு வைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தத் தண்ணீர் சேறாகும் என்று கேட்காதீர்கள். ஐந்து முறை மாற்றியதை நோட்டில் எழுதியிருக்கிறேன், எழுதாமல் விட்டது வேறு.

நீந்த விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாயோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகு எண்ணெய் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அணைத்துக் காயவைக்கத் தாயும் உண்டு. சந்தைக் குஞ்சுக்கு இரண்டும் இல்லை. பூமுடி நனைந்து, குளிரில் விறைத்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் விடுங்கள். பிறகு துடைத்துப் பல்புக்கடியில் விட வேண்டும்.

தீனி: நான் செய்த தவறு முதலில்

விற்றவர், “குருணை போடுங்கள் அம்மா, அது பாட்டுக்கு வளரும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் குருணைக்குப் பஞ்சமில்லை. ஊறவைத்த குருணை, வடித்த சோறு, மாலையில் பேத்தி ஊட்டும் பிஸ்கெட் என்று பத்து நாள் போனது. குஞ்சுகள் ஆவலாகத் தின்றன, எச்சமும் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. பதினோராம் நாள் குள்ளச்சி எழுந்து நிற்கவில்லை. இரண்டடி வைக்கும், கால் மூட்டு மடிய உட்கார்ந்துவிடும். மூட்டு லேசாகத் தடித்திருந்தது, கால்கள் வில்லாக வளையத் தொடங்கியிருந்தன. எச்சத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தது இடப்பக்கம்தான். பத்து நாளும் அங்கே குருணை, குருணை, குருணை என்றே எழுதியிருந்தது.

காரணம் நயாசின் என்ற பி3 வைட்டமின் குறைவு. கோழி தன் உடலிலேயே புரதத்திலிருந்து கொஞ்சம் நயாசினைச் செய்துகொள்ளும். வாத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவுக்கு நயாசின் தேவை. தீட்டிய அரிசியில் இருப்பது அதற்குப் பக்கத்திலேயே வராது. மக்காச்சோளத்தில் இருப்பதும் வேறு பொருளோடு பிணைந்திருப்பதால் முழுதாக உடலில் சேராது. கோழிக் குஞ்சுத் தீவனம் பரவாயில்லை, ஆனாலும் அது கோழியின் கணக்குக்குச் செய்தது.

கால்நடை மருத்துவர் சொன்னபடி இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, குருணையை விட்டுக் கோழிக் குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனத்துக்கு மாறினேன். இரண்டு, ஒரு கோப்பைத் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள், அதாவது பீர் காய்ச்சும் ஈஸ்ட்டை உலர்த்திய தூள், கலந்தேன். ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்ட் வேறு, அது உயிரோடு இருப்பது, வயிற்றுக்குள் போய்ப் புளிக்கும். அதைப் போட்டுவிடாதீர்கள். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கிடைக்காவிட்டால் கால்நடை மருந்துக் கடையில் கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து இருக்கும், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான்காம் நாள் குள்ளச்சி நின்றது. இரண்டாம் வாரம் சத்தத்தைத் துரத்தியது. வளைந்த கால்கள் கெட்டிப்பட்ட பிறகு கவனித்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது. ஆகவே நடை தளர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

தீவனம் வாங்கும்போது சாக்கில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குப் புரதம் 20 முதல் 22 சதவீதம் இருக்கட்டும். அதன்பின் 16 முதல் 18 போதும். அதிகம் கொடுத்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வளரும் இறகின் பாரத்தை மணிக்கட்டு மூட்டு தாங்காமல், இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பி நின்றுவிடும். சத்து மிகுந்த தீனி அதற்கு ஒரு காரணம். மருந்து கலந்த தீவனமா என்பதையும் பாருங்கள். கோழியின் உடலளவுக்கும் தீனியளவுக்கும் கணக்கிட்டுக் கலந்த மருந்து வாத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. மருந்து கலக்காதது கிடைத்தால் அதுவே நல்லது.

முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே கூடாது. முட்டை ஓட்டுக்காக அதில் கால்சியம் மூன்று, நான்கு சதவீதம் இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதமே தாராளம். மிச்சத்தை வெளியேற்றிச் சிறுநீரகம் நொந்துபோகும். பக்கத்து வீட்டில் கோழி வைத்திருக்கிறார்கள், அவர்கள் கோணியிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொள்ளலாம் என்று எனக்கும் தோன்றியது உண்டு.

கீரை நறுக்கிப் போடுங்கள். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தண்ணீர்ச் சட்டியில் மிதக்கவிட்டால் அதைப் பிடிப்பதே அவற்றுக்கு விளையாட்டு. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாப் பாசி வைத்திருந்தால் அருமை. ஆனால் அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர், அதையே சாப்பாடாக நினைத்துத் தீவனத்தைக் குறைத்துவிட வேண்டாம். பசலைக்கீரையைத் தினமும் தராதீர்கள், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீரையோ மண்புழுவோ கொடுக்கத் தொடங்கியதும் ஒரு சிறு கிண்ணத்தில் கழுவிய ஆற்று மணலும் வையுங்கள். பல் இல்லாத பிறவி, மணலை வைத்துத்தான் வயிற்றில் அரைக்கிறது.

தவிடு போடலாம், அன்றைக்கு ஆலையில் அரைத்ததாக இருந்தால். தவிட்டு எண்ணெய் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், எங்கள் வெயிலுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. நனைத்து வைத்த தீனியும் அப்படியே. காலையில் நனைத்தது மதியத்துக்குள் புளித்துவிடும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கருவாட்டுத் துண்டு வேண்டாம், உப்பைக் குஞ்சு தாங்காது. ரொட்டி, பிஸ்கெட், முறுக்குத் தூள் எல்லாம் வயிற்றை அடைக்கும், வளர்க்காது. இதைப் பேத்திக்குப் புரியவைக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

கடலைப் புண்ணாக்கு

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு இல்லாத வீடு குறைவு. புரதமும் அதிகம், நயாசினும் அதிகம். குள்ளச்சியின் கதையைக் கேட்ட உறவுக்காரர் ஒருவர், “ஒரு துண்டு ஊறவைத்துப் போடு அக்கா” என்றார். பரணில் மழைக்காலம் முழுக்க இருந்த புண்ணாக்கு அது.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மடிந்தன. என்ன நோய் என்று யாருக்கும் பிடிபடாததால் அதை ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே அழைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனபோது எல்லாத் தடமும் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அஃப்லடாக்சின் என்று இன்று எல்லோரும் அறிந்த பெயர் அதன்பின் வைத்ததுதான். அந்த நஞ்சு ஒரு தீனியில் இருக்கிறதா என்று சோதிக்க அப்போது பயன்பட்டது எது தெரியுமா? ஒரு நாள் வயதான வாத்துக் குஞ்சு. அவ்வளவு சிறிய அளவுக்கே அதன் ஈரல் கெட்டுவிடும்.

இதைப் படித்த ஆளிடம் பரண் புண்ணாக்கைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அது குப்பைக்குழிக்குப் போனது, உறவுக்காரர் முகம் சுண்டியது. கழுவினால், வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சமையல் சூட்டுக்கு அந்த நஞ்சு அசையாது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாததாலும் நல்லது என்று ஆகிவிடாது. மாடு தின்று நன்றாகத்தானே இருக்கிறது என்பதும் வாதம் ஆகாது. குஞ்சு வளரும் வீட்டில் கடலைப் புண்ணாக்கு, சொத்தைக் கடலை, ஈரம் பட்ட மக்காச்சோளம் மூன்றையும் குஞ்சுக்கு எட்டாமல் வையுங்கள்.

எச்சத்தை எப்படிப் பார்ப்பது

சாக்கில் விழுந்த எச்சத்தைப் பார்த்துப் பயனில்லை, நீரெல்லாம் சாக்கு உறிஞ்சிவிடும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நான்கு துண்டாக்கிக்கொண்டேன். தினமும் காலையில் முதல் தீனி தந்த பிறகு, நான்கு பழக்கூடைகளில் ஆளுக்கொரு துண்டு விரித்து, ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனியாக இருபது நிமிடம் விட்டுவைப்பேன். கூடைகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். மற்றது கண்ணில் படாவிட்டால் அலறும், பயத்தில் போவது தண்ணீராகத்தான் போகும், உங்கள் சோதனை கெடும். அந்த நேரத்துக்குள் ஒன்றிரண்டு முறை கட்டாயம் போகும். யாருடைய எச்சம் எது என்ற குழப்பமும் இல்லை. அடையாளத்துக்கு என்று காலில் நூல் கட்டாதீர்கள். கால் வளரும், நூல் வளராது.

ஒழுங்கான எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும். பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த உருண்டையோ களியோ ஒன்று. அதன் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை, அதுதான் பறவையின் சிறுநீர், யூரிக் அமிலம். சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். வாத்து எந்நேரமும் தண்ணீரில் வாயை வைத்திருப்பதால் அந்த நீர் கோழியைவிட அதிகமாகவே இருக்கும். வாத்து எச்சம் தெறித்து விழும், அதைக் கழிச்சல் என்று நினைத்து முதல் நாளே மருந்துக் கடைக்கு ஓடியவர்களைத் தெரியும். நீர் தெளிவாக, நடுவில் களி உருப்படியாக, குஞ்சு துள்ளலாக இருந்தால் அது கழிச்சல் இல்லை. களியே கரைந்து ஒரே கலங்கலாகி, ஆசனவாய் மயிர் நனைந்து ஒட்டினால்தான் கழிச்சல்.

எட்டு பத்து முறைக்கு ஒரு தடவை வேறு ஒன்று வரும். கடுகு அரைத்த விழுதுபோல, காபிப் பழுப்பில், பிசுபிசுப்பாக, சில சமயம் நுரையோடு. நாற்றம் வீட்டையே எழுப்பும். சத்தம் முதன்முதலாக அப்படிப் போனபோது மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, இதற்கு ஏதோ வந்துவிட்டது” என்றாள். எதுவும் வரவில்லை. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பறவைக்கு இரண்டு பைகள் உண்டு. அங்கே தங்கிப் புளித்தது அவ்வப்போது காலியாகிறது, அவ்வளவுதான். நாளுக்குச் சில தடவை அது வருவது நல்ல செய்தி. எல்லாமே அப்படி வந்தால்தான் கவலை.

நிறத்துக்கு வருவோம். நிறத்தைப் பார்த்ததும் வலப்பக்கத்தில் எழுதிவிட்டு, உடனே இடப்பக்கத்தைப் பாருங்கள்.

பச்சை: முதல் நாள் முருங்கைக்கீரை போட்டிருந்தால் பச்சையாகத்தான் போகும். கீரையே தராத நாளில் மரகதம்போல் பளிச்சென்ற பச்சை, அதுவும் கொஞ்சமாக, வெள்ளை மிகுந்து வந்தால், குஞ்சு சாப்பிடவில்லை. பறவையின் பித்தநீர் பச்சை. வயிற்றில் தீனி இல்லாதபோது பித்தம் மட்டும் இறங்குகிறது. இது நோயின் பெயரைச் சொல்லாது, பட்டினியை மட்டும் சொல்லும். ஏன் சாப்பிடவில்லை என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

சிவப்பு: இங்கேதான் நான் வீணாகப் பயந்தது. மூன்றாம் வாரம் ஒரு காலை, நான்கு வேட்டித் துண்டுகளிலும் சிவப்பு. ரத்தக் கழிச்சல் என்று நினைத்து, நோட்டைத் திறக்காமலேயே மருத்துவருக்குப் போன் செய்துவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “நேற்று என்ன கொடுத்தீர்கள்?” நேற்று செங்கீரைத்தண்டு. 31 ஆண்டுகள் மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டபோது கூச்சமாக இருந்தது. கீரைச் சாயம் எச்சம் முழுக்க ஒரே சீராகப் பரவி, நான்கு குஞ்சுகளிலும் ஒரே நாளில் வரும், மறுநாள் போய்விடும். ரத்தம் நூலாகவோ கட்டியாகவோ சளியோடு வரும், குஞ்சு தலையைத் தொங்கப்போட்டு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அது காக்சிடியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். தார்போல் கருத்து ஒட்டினால் குடலின் மேல்பகுதியில் கசிவு இருக்கலாம், அதுவும் அன்றே.

மஞ்சள்: பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். தண்ணீரில் மஞ்சள்தூள் கலக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. நானும் ஒரு வாரம் கலந்தேன். நல்லதோ கெட்டதோ, அந்த வாரம் முழுக்க எச்சம் எதையும் சொல்லாத மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டது. நிறுத்திவிட்டேன். எதுவும் கலக்காத நாளில் மஞ்சளாக நுரைத்து வந்தால் ஒட்டுண்ணியோ ஈரல் கோளாறோ இருக்கக்கூடும், மாதிரியோடு போங்கள்.

வெள்ளை: வெள்ளை மிகுந்தால் முதலில் தண்ணீர்ச் சட்டியைப் பாருங்கள். வறண்டு கிடந்ததா? பல்புச் சூடு அதிகமா? அடுத்தது தீவனச் சீட்டில் கால்சியம். பிறந்த முதல் வாரத்தில் வெள்ளைப் பசை ஆசனவாயில் ஒட்டி அடைத்துக்கொள்வது உண்டு. பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு வரும். பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒற்றி ஊறவைத்து, மெல்லத் துடைத்து, உலர்த்திப் பல்புக்கடியில் விடுங்கள். துடைத்த மறுநாளும் அடைத்தால் கிருமித் தொற்றா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

தானியம் அப்படியே முழுசாக வந்தால் மணல் கிண்ணம் காலியா என்று பாருங்கள். மணல் இருக்கிறது, தின்றும் தானியம் அரைபடவில்லை என்றால் குடலில் கோளாறு.

சாதுவின் மூன்று நாள்

நியாயமாகப் பயந்தது ஐந்தாம் வாரம். மற்ற மூன்றின் துண்டில் வழக்கமான பழுப்பு. சாதுவின் துண்டில் ஒரு காசளவு மரகதப் பச்சை, நிறைய வெள்ளை. நோட்டில் கீரை இல்லை. சாது எப்போதுமே அமைதி என்பதால், முதல் நாள் மாலை அது தீனிக்கு வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. சத்தமாக இருந்திருந்தால் கத்தாததே தெரிந்திருக்கும். அமைதியான குஞ்சுக்காகத்தான் இந்த வேட்டித் துண்டு வேலை முழுவதும்.

மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, எதையோ விழுங்கியிருக்கலாம் என்றார். தானியத்தை நிறுத்தி, தீவனத்தைக் கஞ்சிபோல் கரைத்துக் கொடுத்து, சூடான மூலையில் வைத்து, காத்திருக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காலை துண்டில் பழுப்பும், அதன் நடுவே சுருண்ட சணல் நாரும் கிடந்தன. சாக்கின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றிருக்கிறது. சொல்கிறேன் என்று சொன்ன வில்லங்கம் இதுதான். சாக்கு போட்டால் நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்துவிடுங்கள், நார் பிரிந்ததும் தூக்கிப் போடுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், பளபளக்கும் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. வாத்துக்கு மின்னுவதெல்லாம் மீன்.

எப்போது காத்திருக்கக் கூடாது

எச்சம் ஒரு மாதிரி, குஞ்சு துள்ளல் என்றால் ஒரு நாள் பொறுக்கலாம். தீனியில் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு மறுநாள் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. எச்சமும் ஒரு மாதிரி, குஞ்சும் ஒரு மாதிரி என்றால் பொறுக்கக் கூடாது.

நீர்த்த பச்சைக் கழிச்சலோடு கண் இமை ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கூசி ஒதுங்கினால் வாத்துப் பிளேக் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு, சுமார் எட்டு வாரத்தில் போடும் வழக்கம், உங்கள் பகுதிக்கு எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். நான்கு வாரத்துக்குட்பட்ட குஞ்சு திடீரென்று சாய்ந்து, கால் உதைத்து, தலை முதுகுப் பக்கம் வளைந்து செத்தால் வைரஸ் ஈரல் நோய் சந்தேகம். அதில் எச்சத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது. கழுத்து துவண்டு தூக்க முடியாமல் கிடந்தால், பக்கத்தில் ஏதாவது செத்து அழுகிக் கிடக்கிறதா என்று தேடுங்கள். அழுகலில் ஒரு கிருமி விஷம் சுரக்கும், அதில் நெளியும் புழுவைத் தின்றாலே வாத்துக்கு அந்த விஷம் ஏறும்.

ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே சமயத்தில் செத்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். 2014 நவம்பரில் ஆலப்புழையின் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்தபோது மந்தை மந்தையாக அழிக்க வேண்டியதாயிற்று. வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

மாதிரி எடுத்துப் போகும் முறை என் தொழில், ஆகவே கொஞ்சம் அதிகாரமாகவே சொல்வேன். அன்று காலை விழுந்த எச்சமாக இருக்க வேண்டும். சுத்தமாகக் கழுவிக் காயவைத்த, மூடியுள்ள சின்னப் புட்டியில், சாக்கு நாரும் உமியும் ஒட்டாமல், பழுப்பும் வெள்ளையும் சேர்த்து ஒரு தேக்கரண்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். புட்டியின் மேல் குஞ்சின் வயது, எடுத்த நேரம், கடைசி இரண்டு நாள் தீனி, கொடுத்த மருந்து எல்லாம் எழுதி ஒட்டுங்கள். நோட்டையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது. எங்கள் மருத்துவர் இப்போது குஞ்சைப் பார்ப்பதற்கு முன் நோட்டைத்தான் கேட்கிறார். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மனித மருந்தையோ கோழி மருந்தையோ கொடுத்துவிட்டு மாதிரி எடுக்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது.

கடைசியாகக் கை கழுவுவது. வாத்து நன்றாக இருக்கும்போதே அதன் எச்சத்தில் மனிதருக்குக் கழிச்சல் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சைத் தொட்ட குழந்தை சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் கை வைக்கக் கூடாது, குஞ்சுக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. வேட்டித் துண்டுகளைத் தனி வாளியில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள், சமையலறைத் தொட்டியில் அலசினால் மருமகளிடம் நான் வாங்கியதை நீங்களும் வாங்குவீர்கள். அலசிய தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டாமல், ஒரு பங்குக்குப் பல பங்கு நீர் சேர்த்து வாழைக்கு ஊற்றுகிறேன். கொல்லையில் இருக்கும் மூன்று பூவன் மரங்களில் வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் இந்த ஆண்டு முதலில் குலை தள்ளியது.